சொல்லாமல் விட்ட பிள்ளை

சிதம்பரம்
2.1.2007

அண்ணிக்கு,

ஞானாம்பாள் எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று போன வாரம் நேரிலேயே பார்த்துவிட்டேன்.

ஆமாம், வந்திருந்தேன். இருபத்தாறாம் தேதி ஹாஸ்டல் மெஸ்ஸில் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ் பிடித்துக் கடலூர் வந்தேன். கடற்கரையில் ஷாமியானா போட்டு, சுனாமியில் போன பிள்ளைகள் படத்தை எல்லாம் மேஜையில் வரிசையாக வைத்திருந்தார்கள். என் கதிரவன் படமும் இருந்தது. கடைசியில், மேஜை ஓரத்தில். நான் அதன் எதிரில் போய் நின்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லை. உங்கள் கையில் மைக் இருந்தது.

நன்றாகப் பேசினீர்கள் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை என்று சக்திக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தது, அவள் கட்டியிருந்த பச்சைப் பாவாடை, "அம்மா, கடல் கிட்ட வருது பாரு" என்று அவள் சொன்னது, "கடல் எங்கடி வரும், தலைய ஆட்டாம உக்காரு" என்று நீங்கள் அதட்டியது, தண்ணீர் வந்ததும் அவள் கையைப் பிடித்தது, எண்ணெய்க் கை வழுக்கிவிட்டது. என் பக்கத்தில் நின்ற போலீஸ்காரம்மா கூடக் கண்ணைத் துடைத்தது. நானும் அழுதேன். ஆறு வயதுப் பிள்ளை. என் அண்ணன் மகள். அழாமல் இருக்க முடியுமா?

அழுதுகொண்டே காத்திருந்தேன். இப்போது வரும், இப்போது வரும் என்று. நீங்கள் கும்பிட்டுவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டீர்கள்.

என் பிள்ளை அன்றைக்கு அதே வீட்டில், அதே பாயில் படுத்து எழுந்தவன். அரைப் பரீட்சை லீவுக்கு மாமா வீடு என்று வந்தவன். ஒன்பது வயது. அவன் பெயரை நீங்கள் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை.

இரண்டு வருஷமாக நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் பாடு உங்களுக்கு என்று விட்டிருந்தேன். இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் காலையில் கதிரவன் என்ன செய்தான்? என்ன பேசினான்? அவ்வளவுதான். போனில் கேட்டால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதிக் கேட்கிறேன். எழுதியே சொல்லுங்கள்.

ஞானாம்பாள்

•

தேவனாம்பட்டினம், கடலூர்
19.1.2007

அன்புள்ள ஞானாம்பாளுக்கு அண்ணி அமிர்தம் எழுதிக்கொள்வது.

உன் கடிதம் பொங்கலுக்கு முன்னால் வந்தது. உன் அண்ணன் படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஆறாவதோடு நின்றவள். எழுத வேண்டியது ஏதாவது இருந்தால் அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவேன். இதை இன்னொருத்தியை வைத்து எழுத முடியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கதிரவனைச் சொல்லாமல் விட்டது தப்பு. அதற்கு உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். நீ வந்து நின்றது தெரியாமல் போனதே என்று இன்னும் ஆறவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போயிருக்கிறாய்.

நீ கேட்டதை எழுதலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சக்திக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தேன். பச்சைப் பாவாடை. மூன்று நாளும் இப்படியேதான் வருகிறது. படித்துப் பார்த்தால் மைக்கில் சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை மாறாமல் இருக்கிறது. கதிரவனும் கூட இருந்தான் என்று நடுவில் எழுதினேன். எங்கே இருந்தான், உள்ளேயா வாசலிலா என்று எழுதப் பார்த்தால் கை நின்றுவிடுகிறது.

வெள்ளிக்கிழமை அவன் மாமாவோடு வந்து இறங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மஞ்சள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். சனிக்கிழமை சக்தியும் அவனும் சண்டை போட்டு, அவள் அவனைக் கடித்து, நான் இரண்டு பேரையும் அடித்தது ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அவன் இல்லை. அந்தக் காலையைத் திறந்தால் சக்தி வந்து முன்னால் நின்றுகொள்கிறாள். அவளைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்சம் பொறு. வந்தால் எழுதுகிறேன்.

அமிர்தம்

•

சிதம்பரம்
27.1.2007

அண்ணிக்கு,

நம்பவில்லை.

பாவாடை என்ன நிறம் என்று ஞாபகம் இருக்கிறது. பிள்ளை ஞாபகம் இல்லையா? யாரிடம் கதை சொல்லுகிறீர்கள்?

உங்கள் தெருவில் இருந்த கொளஞ்சி அக்கா இப்போது இங்கேதான் மகள் வீட்டோடு இருக்கிறார். மார்க்கெட்டில் பார்த்தேன். "ஒம் புள்ள அன்னிக்கு காத்தால கடல பாத்து ஓடுனத நான் பாத்தேம்மா. யாரோ அனுப்புனாப்புல ஓடுனான். ஒங்க அண்ணன் கரையிலதான வலை காயவெச்சிட்டு இருந்தாரு" என்றார். அனுப்ப அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? நீங்கள்தான்.

அனுப்பியிருந்தால் அனுப்பினேன் என்று சொல்லுங்கள். கையை விட்டிருந்தால் விட்டேன் என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளையை முதலில் பிடித்தீர்கள் என்றால் அது கூட எனக்குப் புரியும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கடவுள் உங்களுக்கு இரண்டு கை கொடுத்திருக்கிறான். ஒரு கையில் சக்தி. இன்னொரு கையில் என்ன இருந்தது அண்ணி?

மூன்றாம் நாள் அவனை அடையாளம் காட்ட என் வீட்டுக்காரர்தான் போனார். என்னைப் பார்க்க விடவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை, கடைசிப் பேச்சும் தெரியாது. என்னிடம் இருப்பது மேஜை ஓரத்தில் இருந்த அந்தப் படம்தான்.

மறந்துவிட்டது என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதீர்கள்.

ஞானாம்பாள்

•

தேவனாம்பட்டினம்
11.3.2007

அன்புள்ள ஞானாம்பாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு மாசம் ஒன்றும் ஓடவில்லை. உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

நான் பொய் சொல்லவில்லை. எப்படி இப்படி ஆனது என்று எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன். அப்புறம் உன் இஷ்டம்.

அந்த வருஷம் எங்கள் கூடாரத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? முதலில் கணக்கெடுக்க ஒருத்தர் வந்தார். "எத்தனி பேரும்மா போனாங்க?" என்றார். "ரெண்டு புள்ளைங்க சார்." "ரெண்டும் உங்களுதா?" "பொண்ணு என்னுது. பையன் எங்க நாத்தனார் மவன் சார், லீவுக்கு வந்தது." "ரேஷன் கார்டு எங்க?" "சிதம்பரம்." "அப்ப அது அந்த லிஸ்டுல வரும். இங்கயும் எழுதுனா ரெட்டையாப் பூடும்மா. பேப்பரக் கெடுக்காத. உங்க பொண்ண மட்டும் சொல்லு." கதிரவன் பெயரை எழுதியிருந்தவர் அதன் மேல் கோடு போட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு கேமரா எடுத்துக்கொண்டு வந்தவர்கள், பத்திரிகையிலிருந்து வந்தவர்கள், வெள்ளைக்காரர்கள், நம் தமிழை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள். நான் இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லுவேன். "அந்தப் பையன் யாரும்மா, குழப்பமா இருக்கு, பொண்ணப் பத்தியே சொல்லுங்க" என்பார்கள். எனக்கும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருக்கும். அவனை எடுத்துவிட்டுச் சொல்லப் பழகிக்கொண்டேன். அப்படிச் சொன்னால் யாரும் குறுக்கே கேட்பதில்லை.

நம் சொந்தக்காரர்களும் அப்படித்தான். இங்கே வந்தவர்கள் சக்தியை விசாரித்தார்கள். கதிரவனை விசாரிக்கிறதுக்கு உன் வீட்டுக்குத் தனியாக வந்திருப்பார்கள். இந்த வாசலில் அவனை விசாரித்தால் உனக்கு மரியாதைக் குறைச்சல் என்று நினைத்தார்களோ என்னவோ. துக்கத்தைக் கூட வீடு பிரித்துத்தான் கேட்டார்கள் ஞானாம்பாள். வருகிற ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். "எப்டி ஆச்சு?" என்று உட்காருவார்கள். நான் எண்ணெயிலிருந்து ஆரம்பிப்பேன்.

மனசுக்கு ஆறுதல் சொல்ல என்று பிரிசில்லா என்று ஒரு பெண் வாரா வாரம் வந்தாள். நல்ல பெண். "திரும்பத் திரும்பச் சொல்லுங்கக்கா, பாரம் கொறையும்" என்றாள். குறைந்தது. என்னென்ன போய்க் குறைந்தது என்று அப்போது தெரியவில்லை.

நான் அனுப்பினேனா? தெரியவில்லை. அனுப்பவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. அனுப்பினேன் என்று சொல்லிவிட்டால் உனக்கு ஒரு முடிவாவது கிடைக்குமே என்று ஒரு நாள் அப்படியே எழுதினேன். அப்புறம் கிழித்துவிட்டேன். நான் சொல்லுவதை நீ பிடித்துக்கொள்வாய். நாளைக்கு நானே அதுதான் நடந்தது என்று நம்பிவிடுவேன். உன் அண்ணன் அலையில் அடித்துக்கொண்டு போய் ஒரு தென்னையைப் பிடித்துப் பிழைத்தவர். கதிரவன் தன்னிடம் வரவே இல்லை என்கிறார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு கையில் என்ன இருந்தது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நீ கேட்ட பிறகு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அமிர்தம்

•

தேவனாம்பட்டினம்
8.1.2009

அன்புள்ள ஞானாம்பாளுக்கு,

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகிறது, உன் கடிதம் வரவில்லை. உன் அண்ணன் போன் செய்தாலும் எடுப்பதில்லையாம். இது என் தொந்தரவு, கோபப்படாமல் படி.

இந்தத் தடவை இருபத்தாறாம் தேதி என்னை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. "என்னக்கா, நீங்க சொன்னாத்தான் கூட்டமே நிக்கும்" என்றான் ஒருத்தன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதற்கு முன்னால் வீட்டில் ஒன்று நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் அண்ணன் சட்டென்று, "பச்சப் பாவாட பச்சப் பாவாடன்னு ஊரெல்லாம் சொல்றியே, அவளத் தூக்கிப் பொதச்சது நானு. நீலக் கவுனுடி" என்றார். நான் இல்லை என்று சண்டைக்குப் போனேன். அவர் எழுந்து பெட்டியைத் திறந்து பச்சைப் பாவாடையை எடுத்துப் போட்டார். அது பெட்டியிலேயே இருக்கிறது, மடிப்புக் கலையாமல். அடித்துக்கொண்டு போன வீட்டில் மண்ணுக்குள் கிடைத்த பெட்டி. மேலே வைத்த மாதிரியே இருந்தது. நான்கு வருஷமாக நான் திறக்கவே இல்லை.

ஆறு வருஷம் வளர்த்தேன் ஞானாம்பாள். ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது. அதிலும் துணி தப்பு.

சக்தி எப்படிச் சிரிப்பாள், எதற்கு அடம் பிடிப்பாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் என்ன கேட்பாள், எல்லாம் யோசிக்கிறேன். யோசித்தால் எண்ணெய்க் கிண்ணமும் வாசலும்தான் வருகிறது. எனக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தபோது அவள் ஒரு மாசம் உன் வீட்டில் இருந்தாள் இல்லையா? அப்போது எப்படி இருந்தாள் என்று இரண்டு வரி எழுது. உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அமிர்தம்

•

சிதம்பரம்
20.1.2009

அண்ணிக்கு,

என் பிள்ளையை எனக்குச் சொல்லாதவர் உங்கள் பிள்ளையை என்னிடம் கேட்கிறீர்கள்.

சக்தி இங்கே நன்றாகத்தான் இருந்தாள். சாப்பிட்டாள், விளையாடினாள். அவ்வளவுதான். இரண்டு வரி கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

ஞானாம்பாள்

•

சிதம்பரம்
24.12.2010

அண்ணிக்கு,

இங்கே மார்கழித் தேரும் தரிசனமும் முடிந்து ஊர் ஓய்ந்துவிட்டது. நான்கு வீதியிலும் குப்பை. இரண்டு நாளாக மெஸ்ஸுக்குப் போகவில்லை. அவர் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். காய்ச்சல் இல்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்லுகிறேன். அந்த வருஷமும் இதே தேர் வாரம்தான். மெஸ் லீவு, கீழ வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூட்டத்துக்குச் சமைக்க ஒப்புக்கொண்டிருந்தேன். கதிரவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தேர்க் கூட்டத்தில் தொலைந்துவிடுவான் என்று பயந்துதான் அண்ணனோடு கடலூருக்கு அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டில், "நான் தேரு பாக்கணும், போவ மாட்டேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். "அடுத்த வருசம் பாக்கலாண்டா" என்றேன். எழுந்திருக்கவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். முதுகில் ஒன்று வைத்தேன். சுள்ளென்று விழுந்திருக்கும். எழுந்து பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாக, "நான் இனிமே ஒங்கிட்ட வரவே மாட்டேன், போ" என்றான். பஸ் திரும்புகிற வரை நின்றேன். அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு வருஷமாகக் காய் நறுக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, படுத்தால், எழுந்தால். உங்களைத் துரத்தித் துரத்திக் கேட்டது இதனால்தான். அந்தக் கோபத்தோடேயே போனானா, இல்லை இரண்டு நாளில் மறந்து சிரித்தானா? அதற்காகத்தான் அந்தக் காலை எனக்கு வேண்டும் என்று இருந்தது.

போன வாரம் மெஸ்ஸில் ஸ்வர்ணலதா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். "ஒங்க பையன் எப்டிக்கா இருப்பான்?" என்று சாதாரணமாகக் கேட்டாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பஸ் ஸ்டாண்டு வந்தது. அதைத் தள்ளிவிட்டு வேறு ஒன்றைத் தேடினேன். திரும்ப பஸ் ஸ்டாண்டு. அவன் குரல் எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. சிரிப்பு வரவே இல்லை அண்ணி. ஒன்பது வருஷம் என் கூடவே இருந்தவன். அவன் சிரிக்கிற பிள்ளைதானே?

நீங்கள் பொய் சொல்லவில்லை. எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

சக்தியைக் கேட்டிருந்தீர்கள். என்னிடம் நிறைய இருக்கிறது. கோயில் குளத்துக்குத் தினமும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுவாள். பொரி போட்டால் மீன் வரும் இல்லையா, அதற்கு. ஒரு நாள் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த தீட்சிதரைப் பார்த்து, "சாமி, இத்த கொழம்பு வெச்சா நல்லா இருக்கும்" என்று கத்திச் சொல்லிவிட்டாள். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் சிரித்துவிட்டார். "கடலூர்க் கொழந்தையா?" என்றார். "எங்கப்பா இதவிடப் பெருசு புடிப்பாரு" என்றாள். இரண்டு பல் விழுந்த வாய். இடது பக்கம் சாய்ந்து படுத்தால்தான் தூக்கம் வரும் அவளுக்கு. ஜடை போட்டால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவிழ்த்துவிட்டு வந்து நிற்பாள்.

இன்னும் இருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன்.

ஞானாம்பாள்

•

தேவனாம்பட்டினம்
17.1.2011

ஞானாம்பாளுக்கு,

ஜடையைப் படித்ததும் என் கை விரல்கள் தானாக அசைந்தன. ஆமாம், அவிழ்த்துவிட்டு வந்து நிற்பாள். நீ எழுதும் வரை அது எனக்கு இல்லாமல் இருந்தது. மீன் குழம்பைப் படித்து உன் அண்ணன் சிரித்து, இருமல் வந்து, அப்புறம் அழுதார்.

கதிரவன் சிரிக்கிற பிள்ளைதான். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வான், ஏதோ திருடித் தின்ற மாதிரி. அந்த வருஷக் கோடை லீவில் வந்தபோது தூங்குகிற மாமா மீசையில் நெத்திலித் தலையைச் செருகிவிட்டு இப்படித்தான் கதவுக்குப் பின்னால் நின்றான். மாமா எழுந்து தெரு முழுக்க அப்படியே போய்விட்டு வந்தார். ஊரே சிரித்தது.

இன்னொன்று, நீ கோபப்படக் கூடாது. "அத்தே, எங்கம்மா வீட்லயும் ஹாஸ்டல் சாம்பாருதான் வெக்கும். ஒங்கொழம்புதான் கொழம்பு. அம்மாகிட்ட சொல்லிடாத" என்பான். நான் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

சக்தியை, "இவளக் கட்டிக்க மாட்டேன், கடிக்கறா" என்பான். அவள் தனக்குச் சீட்டியடிக்கக் கற்றுக்கொடு என்று அவன் பின்னாலேயே திரிவாள். கற்றுக்கொடுத்தான். பல் விழுந்த வாயில் காற்றுதான் வந்தது.

யாரும் என்னைக் கேட்காததால் இவை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அமிர்தம்

•

தேவனாம்பட்டினம்
5.2.2012

அன்புள்ள ஞானாம்பாளுக்கு,

புயலுக்கு நீ அனுப்பிய போர்வையும் அரிசியும் வந்து சேர்ந்தன. கூரை இன்னும் போடவில்லை. உன் அண்ணன் தார்ப்பாய் கட்டியிருக்கிறார். படகு இரண்டாகப் போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, அது போதும்.

புயல் அன்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். மறுநாளிலிருந்து திரும்பவும் பேப்பரோடு ஆட்கள். ஆனால் இந்தத் தடவை சுனாமியை யாரும் கேட்கவில்லை. கூரை, படகு, ஆடு என்றுதான் கேட்டார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். சக்தி பேச்சே எடுக்காமல் ஒரு வாரம் போனது. அப்படி ஒரு வாரம் எனக்கு ஏழு வருஷத்தில் வந்ததில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேறு யார் வீட்டுப் பிள்ளையோ, ஆள் தெரியாமல் என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. "ஊட்டுக்குப் போலாம்" என்று அழுதது. நான் என்னை அறியாமல் முழங்கையால் அதைத் தள்ளினேன். கையால் இல்லை, முழங்கையால். ஏன் கையால் தள்ளவில்லை என்று யோசித்தேன். அப்போது வந்தது.

கதிரவன் அன்றைக்கு என் பக்கத்தில்தான் இருந்தான். நான் சக்திக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் முந்தானையைப் பிடித்து இழுக்கிறான். "கையெல்லாம் எண்ணடா, தள்ளு" என்று முழங்கையால் தள்ளினேன்.

"அத்தே, என்ன இன்னிக்கே ஊருக்கு அனுப்பு."

"ஏண்டா, தேரு பாக்கவா?"

"தேரு ஓடிப் பூட்ருக்கும். தேரு வேணாம். அம்மாகிட்ட போவணும்."

"நாளைக்கு மாமா கூட்டிட்டுப் போவாரு. போய் மூஞ்சி கழுவு, போ."

அவ்வளவுதான். அவன் நகர்ந்தது வரை தெரிகிறது. மூஞ்சி கழுவப் போனானா, அன்றைக்கே கூட்டிப்போகச் சொல்லி மாமாவைத் தேடிக் கரைக்கு ஓடினானா, தெரியவில்லை. கொளஞ்சி பார்த்தது அதுவாக இருக்கலாம். நான் அனுப்பவில்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அன்றைக்குக் காலையிலேயே பஸ் ஏற்றியிருந்தால் பிள்ளை இருந்திருப்பான் என்பதையும் நானே எழுதிவிடுகிறேன். நீ யோசித்து வருவதற்கு முன்னால்.

இது வந்து ஒரு மாசம் ஆகிறது. உடனே எழுதவில்லை. நீ பஸ் ஸ்டாண்டை எழுதியதால் என் மனசே இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டதோ என்று பயமாக இருந்தது. தேர் பேச்சு நீ எழுதியது. அதை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முழங்கை மட்டும் நீ எழுதாதது, நான் யாருக்கும் சொல்லாதது. அது என் கையில் வந்தது. அதை நம்பி எழுதுகிறேன்.

உன் அண்ணனிடம் சொல்லவில்லை. நினைப்பு வந்தால் எழுந்து போய் ஏதாவது வேலை பார்க்கிறேன். உனக்கு ஒரு தடவை எழுதத்தான் வைத்திருந்தேன். இனி இதை என்னிடம் கேட்காதே. கேட்டால் சொல்லுவேன். சொன்னால் அதுவும் மைக்கில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அமிர்தம்

•

சிதம்பரம்
16.2.2012

அண்ணி,

கடிதத்தை மெஸ்ஸில் வைத்துப் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

முதலில் கோபம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "நாளைக்கு" என்று சொன்னீர்களே என்று அரை நாள் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம், அடுத்த வருஷம் என்று சொன்னது யார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் என் மேல் கோபமாக இல்லை. என்னிடம் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இது உங்கள் மனசு கட்டியதாகவே இருந்தாலும் நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

கடிதத்தை அவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "எங்க வெக்க?" என்று கேட்டார். பீரோவில் துணிக்கு அடியில் வைக்கச் சொன்னேன். நான் மறுபடி எடுத்துப் படிக்க மாட்டேன். படிக்க ஆரம்பித்தால் தினமும் படிப்பேன். பிறகு அவன் எனக்கு எப்போதும் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். ஒன்பது வருஷத்தில் அவன் வேறு எவ்வளவோ செய்தான்.

நேற்று பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவன் வீட்டில் மாவை எடுத்துப் பல்லி செய்து சுவரில் ஒட்டுவது வந்தது. நான் தேடவில்லை. அதுவாக வந்தது. ஒட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றான், நீங்கள் எழுதிய மாதிரியே.

மாசி மகத்துக்கு நானும் அவரும் வருகிறோம். அண்ணனிடம் சொல்லுங்கள். கரைக்கு எல்லோரும் வருவார்கள். நம்மைச் சேர்த்துப் பார்த்தால் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து, "எப்டி ஆச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல மாட்டேன். ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்லுவேன். பள்ளிக்கூடம் இருந்த, ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமை.

ஞானாம்பாள்